கை பட்ட இன்ஜின்

பழைய மோட்டார் சைக்கிள்களை வாங்கி விற்பவர்களிடமும், அவற்றைச் சீரமைத்துக் கண்காட்சியில் நிறுத்துபவர்களிடமும் ஒரு கருத்து ஏறத்தாழ விதியாகவே நிலைத்துவிட்டது. முந்தைய உரிமையாளர் இன்ஜினுக்குள் செய்த மாற்றம் எதுவானாலும் அது அறியாமையிலோ கஞ்சத்தனத்திலோ விளைந்த சிதைவு என்றும், அதைக் களைந்து, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இருந்த நிலைக்கு இன்ஜினைத் திருப்புவதே சீரமைப்பு என்றும் அக்கருத்து சொல்கிறது. ‘கை படாத இன்ஜின்’, ‘கம்பெனி ஃபிட்டிங்’ என்ற சொற்கள் விற்பனை விளம்பரங்களில் விலையை ஏற்றும் தகுதிகளாக நிற்பதும், ‘யாரோ கை வைத்திருக்கிறார்கள்’ என்ற ஒரு வாக்கியம் பேரத்தையே கீழே இறக்கிவிடுவதும் இதனால்தான். இக்கட்டுரை அக்கருத்தை மறுக்கிறது. மாற்றங்கள் எல்லாமே நல்லவை என்று வாதிடுவது இதன் நோக்கம் இல்லை. பெரும்பாலான மாற்றங்கள் ஏதோ ஓர் இடர்ப்பாட்டுக்குச் சொல்லப்பட்ட விடைகள் என்பதும், அந்த இடர்ப்பாடு எது, இன்றும் அது தொடர்கிறதா என்று அறிவதற்கு முன்பே விடையை அழித்துவிடுவது பொறியியலுக்கும் பொருந்தாது, வரலாற்றுணர்வுக்கும் பொருந்தாது என்பதுமே இங்கு நிறுவப்படுவது.

மறுக்கப்படும் கருத்து மூன்று அனுமானங்களின் மேல் நிற்கிறது. இன்ஜினை வடிவமைத்த பொறியாளருக்குத் தெரியாத ஒன்று தெருவோரப் பட்டறைக்காரருக்குத் தெரிந்திருக்க வழியில்லை என்பது முதலாவது. மாற்றத்தை அகற்றுவது ஆபத்தில்லாத செயல், அகற்றியதும் இன்ஜின் தானாகவே பழைய சரியான நிலைக்கு வந்துவிடும் என்பது இரண்டாவது. வண்டியின் வரலாற்று மதிப்பு தொழிற்சாலை வாசலிலேயே முடிந்துவிடுகிறது, அதற்குப் பின் நேர்ந்தவை யாவும் தேய்மானக் கணக்கில்தான் சேரும் என்பது மூன்றாவது. இம்மூன்றையும் சோதித்துப் பார்க்க, இந்தியாவில் தயாரான என்ஃபீல்டு புல்லட் 350ஐவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. ஒரே அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டுக்கு மேல் உற்பத்தியில் இருந்ததும், அவ்வண்டிகள் பல தலைமுறைப் பட்டறைகளில் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டப்பட்டு ஓடியதும் அதற்குக் காரணம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வண்டியே இந்தியப் புல்லட்டின் மூலம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டு ஏற்பட்டு என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் தருவித்த பாகங்களைப் பூட்டியும், பிறகு படிப்படியாக எல்லாப் பாகங்களையும் உள்நாட்டிலேயே செய்தும் திருவொற்றியூர் ஆலை இவ்வண்டியைத் தயாரித்தது. சிலிண்டரின் உள்விட்டமாகிய போர் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரமாகிய ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. பிஸ்டன் கீழ்முனையில் இருக்கும்போது அதற்கு மேலுள்ள மொத்த இடத்துக்கும், மேல்முனைக்கு ஏறியபின் எஞ்சும் இடத்துக்கும் உள்ள விகிதம் அழுத்த விகிதம் எனப்படும். புல்லட்டில் அது 6.5 என்ற தாழ்ந்த அளவில் வைக்கப்பட்டிருந்தது. போர்க்காலத்தில் தொடங்கி 1953 வரை பிரிட்டனில் எல்லா நிறுவனங்களின் பெட்ரோலும் ஒன்றாகக் கலந்து ‘பூல் பெட்ரோல்’ என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. அதன் ஆக்டேன் எண், அதாவது அழுத்தத்தைத் தாங்கி நேரத்துக்கு முன் வெடித்துவிடாமல் இருக்கும் திறனின் அளவு, 70க்குச் சற்று மேலேதான் இருந்தது. அந்த எரிபொருள் விற்ற நாட்டில் அந்த நாட்களில் பிறந்த இன்ஜினுக்குத் தாழ்ந்த அழுத்த விகிதம் இயல்பான தேர்வு. ‘மூல நிலை’ என்று இன்று போற்றப்படும் அளவும் ஒரு குறிப்பிட்ட நாட்டின் குறிப்பிட்ட கால நெருக்கடிக்கு ஏற்ப எடுத்த முடிவுதான், எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் பொதுவான உண்மையாக அதைக் கொள்ள இயலாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

அம்முடிவைத் தொழிற்சாலையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஏமல் கார்புரேட்டரின் இடத்தில் உள்நாட்டு மிக்கார்ப் வந்தது. 6 வோல்ட் மின்சுற்று 12 வோல்ட் ஆனது. தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் இயந்திரவகைப் பாயிண்ட்டுகளை மின்னணு அமைப்பு அகற்றியது. முன் பிரேக் மாறியது. வலப்புறம் இருந்த கியர் நெம்புகோல் இடப்புறம் போனது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட இன்ஜினுக்கு அருகிலேயே, ஆஸ்திரியாவின் ஏவிஎல் நிறுவனத்தின் துணையோடு உருவான அலுமினிய இன்ஜினும் விற்பனைக்கு வந்தது. எந்த ஆண்டின் நிலையை ‘ஒரிஜினல்’ என்று கொள்வது என்ற கேள்விக்கு, அந்தந்த வண்டி தயாரான ஆண்டின் நிலையையே என்று மூலநிலைவாதிகள் விடை சொல்வார்கள். அவ்வாறானால், ஒரு குறையைத் தொழிற்சாலை பின்னாளில் உணர்ந்து திருத்தியிருந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டு வண்டி அக்குறையோடுதான் இருந்தாக வேண்டும் என்றாகிறது. அதே திருத்தத்தைத் தொழிற்சாலைக்கு முன்பே ஒரு பட்டறை செய்திருந்தால் அது சிதைவு என்றும், தொழிற்சாலை செய்தால் புதிய மாடல் என்றும் பெயர் பெறுமானால், அங்கே அளக்கப்படுவது செய்தவரின் முகவரியே. செய்த வேலையின் தரம் அளக்கப்படவே இல்லை.

டீசல் புல்லட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, பம்புசெட்டுக்கும் சிறு இயந்திரங்களுக்கும் உரிய ஒற்றைச் சிலிண்டர் டீசல் இன்ஜினைப் புல்லட் சட்டத்தில் ஏற்றும் வேலையை வட இந்தியப் பட்டறைகள் செய்திருக்கின்றன. மூலநிலைவாதியின் கண்ணுக்கு இதைவிடப் பெரிய அபசாரம் இருக்க முடியாது. ஆனால் அதே எண்ணத்தில், 325 சிசி கொள்ளளவும் ஏறத்தாழ 6.5 குதிரைத்திறனும் உள்ள லொம்பார்டினி வடிவமைப்பு டீசல் இன்ஜினைப் பொருத்தி, ‘டாரஸ்’ என்ற பெயரில் நிறுவனமே வண்டியை விற்றது. வேகம் குறைந்தாலும் எரிபொருள் செலவு பெரிதும் குறைந்ததால் பால்காரரும் சிறு வணிகரும் அதை வாங்கினார்கள். கேள்வி ஒன்று, விடையும் ஒன்று. ஒன்றைச் சிதைவு என்றும் மற்றொன்றைச் சேகரிப்பாளர் தேடும் அரிய மாடல் என்றும் பிரிப்பதற்குத் தொழில்நுட்ப அடிப்படை எதுவும் இல்லை.

முதல் அனுமானத்தின் அடிப்படைப் பிழை, வடிவமைப்பாளரின் அறிவையும் பட்டறையின் அறிவையும் ஒரே தராசில் நிறுத்துவதில் உள்ளது. வடிவமைப்பாளர் புதிய இன்ஜினை அறிந்தவர். அது எந்த எண்ணெயைப் பெறும், எவ்வளவு தூசியை இழுக்கும், எத்தனை நாள் பராமரிப்பின்றிக் கிடக்கும் என்பவற்றை ஊகித்தே அவர் அளவுகளைத் தீர்மானிக்கிறார். பட்டறைக்காரரோ அந்த ஊகம் பொய்த்த இடத்தைக் கையில் வைத்துப் பார்ப்பவர். புல்லட்டின் பிக் எண்டு இதைத் தெளிவாகக் காட்டும். கனெக்டிங் ராடின் கீழ்முனை கிராங்கின் ஊசியைப் பற்றிச் சுழலும் இடமே பிக் எண்டு எனப்படுகிறது. அவ்விடத்தில் ராயல் என்ஃபீல்டு பொறியாளர்கள் உருளைகளை வைக்காமல், உள்ளும் புறமும் வெள்ளை உலோகம் பூசிய ஒரு மிதக்கும் புஷ்ஷை வைத்தார்கள். தூய எண்ணெய் தடையின்றி வந்துகொண்டிருக்கும் வரை, பரந்த தாங்குபரப்பு கொண்ட அந்தப் புஷ் ஓசையின்றி நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அது எண்ணெய்ப் படலத்தை நம்பி வாழும் பாகம். எண்ணெயில் மணலோ உலோகத் துகளோ கலந்தால் மென்மையான வெள்ளை உலோகம் அவற்றைத் தன்னுள் புதைத்துக்கொண்டு ஊசியைத் தேய்க்கும், எண்ணெய் சற்று நேரம் தவறினால் உருகி இறுகும். எண்ணெயை வடிகட்ட இருந்ததோ ஒரு ஃபெல்ட் வடிகட்டி மட்டுமே. அதையும் உரிய காலத்தில் மாற்றியவர்கள் குறைவு. ஆகவே புஷ் இருந்த இடத்தில் உருளைத் தாங்கிகள் கொண்ட ராடைப் போடும் வழக்கம் பட்டறைகளில் பரவியது. எண்ணெய் குறைந்தாலும் உருளைகள் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதே அதன் நியாயம்.

இத்தகைய இன்ஜினை வாங்கிப் பிரிப்பவர் உள்ளே உருளைகளைக் கண்டு திகைத்து, ‘ஒரிஜினல்’ புஷ்ஷைத் தேடிப் பொருத்தினால் என்ன நேரும்? வடிகட்டியும் பராமரிப்பு வழக்கமும் முன்பிருந்தவாறே இருக்குமாயின், முந்தைய உரிமையாளர் எந்தப் பழுதிலிருந்து தப்பினாரோ அந்தப் பழுதே மீண்டும் உள்ளே குடியேறும். மாறாக, எண்ணெயை ஒழுங்காக மாற்றி, நல்ல வடிகட்டியும் பொருத்த உறுதி பூண்டவர் மிதக்கும் புஷ்ஷுக்குத் திரும்பலாம். அங்கே கேள்விக்கு வேறு விடை கிடைத்துவிட்டதால் பழைய விடை தேவையற்றுப் போகிறது. எந்தப் பாகம் மூலத்தைச் சேர்ந்தது என்று மட்டும் கேட்பவருக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

இரண்டாவது அனுமானம் இன்னும் ஆபத்தானது. மாற்றத்தை அகற்றுவது பாதுகாப்பானது என்ற நம்பிக்கையே நல்ல இன்ஜின்கள் பலவற்றைச் சீரமைப்பின் பெயரால் கெடுத்திருக்கிறது. இன்ஜினில் எந்த அளவும் தனித்து நிற்பதில்லை. சிலிண்டரின் அடிப்பட்டைக்கும் கிராங்க் கேஸுக்கும் நடுவே ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள ஓர் அலுமினியத் தகடு செருகப்பட்டிருப்பதைக் காண்பவர் அதன் பயன் விளங்காமல் குழம்புவார். உதிரிபாகப் பட்டியலில் அதற்கு எண் இராது. ஓரத்தில் அரத்தின் தடம் தெரியும். துளைகள் கையால் துளைத்தவை என்பதும் வெளிப்படையாக இருக்கும். ஆனால் அத்தகடு என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 346 சிசி இன்ஜினில் அழுத்த விகிதம் 6.5 எனில், பிஸ்டனுக்கு மேல் எஞ்சும் எரியறையின் கொள்ளளவு ஏறத்தாழ 63 கன சென்டிமீட்டர். 70 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 1.5 மில்லிமீட்டர் உயரம் கூடினால் 5.8 கன சென்டிமீட்டர் சேரும், எரியறை 68.8 ஆகும், அழுத்த விகிதம் 6.0 அளவுக்கு இறங்கும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோல் இந்தியாவின் பல ஊர்களில் நெடுங்காலம் தீராத தொல்லையாக இருந்தது; மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் எண் விழும்; விழுந்தால் தீப்பொறிக்குப் பிறகு எரிய வேண்டிய கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடித்துப் பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோன்ற ஓசை எழுப்பும். பட்டறையில் ‘நாக்கிங்’ எனப்படும் அந்த வெடிப்பைத் தவிர்க்கச் சிறிதளவு திறனை விட்டுக்கொடுத்தவர் செருகிய தகடு அது. பூல் பெட்ரோல் காலத்து ரெட்டிச் பொறியாளர் எடுத்த அதே வகை முடிவை, மோசமான பெட்ரோல் கிடைத்த ஊரின் மெக்கானிக் ஒருபடி மேலும் கொண்டு சென்றிருக்கிறார்.

அத்தகடு தனியாக வந்ததும் இல்லை. சிலிண்டர் உயர்ந்ததால் வால்வுகளை இயக்கும் புஷ்ராடுகள் அந்த அளவு குட்டையாகிவிடும். புல்லட்டில் புஷ்ராடின் கீழ்முனையிலேயே திருகிச் சரிசெய்யும் வசதி இருப்பதால் அங்கே நீளம் கூட்டப்பட்டிருக்கும். ஹெட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் பட்டையின் துளை அரத்தால் நீள்வட்டமாக்கப்பட்டிருக்கலாம். அழுத்தம் குறைந்த கலவை மெதுவாக எரியும் என்பதால் தீப்பொறி சற்று முன்னரே விழுமாறு டைமிங் மாற்றப்பட்டிருக்கும். பிஸ்டன் மேல்முனையை அடைய 0.8 மில்லிமீட்டர் இருக்கையில் பாயிண்ட் திறக்க வேண்டும் என்ற புத்தக அளவைவிட முன்னதாகத் திறக்கும் அமைப்பு தென்பட்டால், அது கவனக்குறைவால் வந்தது என்று சொல்லிவிட முடியாது. தகட்டை மட்டும் எடுத்து எறிந்துவிட்டு டைமிங்கை அப்படியே விடுபவர், கூடிய அழுத்தத்தையும் முந்திய தீப்பொறியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிஸ்டனின் மேல் ஏவுகிறார். அவருடைய இன்ஜின் மூல நிலையிலும் இல்லை, முந்தைய உரிமையாளர் வைத்த நிலையிலும் இல்லை. யாரும் எக்காலத்திலும் எண்ணிப் பார்க்காத மூன்றாவது நிலையில் அது இருக்கிறது.

தகட்டுக்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். ஹெட்டும் சிலிண்டரும் சேரும் முகங்கள் வெப்பத்தில் நெளிந்து, பலமுறை லேத்தில் கடையப்பட்டு மொத்தத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைந்திருக்குமானால், அந்தக் குறையை ஈடுகட்டி அழுத்த விகிதத்தை மீண்டும் 6.5க்குக் கொண்டுவரவே தகடு செருகப்பட்டிருக்கும். அங்கே தகட்டை எடுத்தால் எரியறை 57 கன சென்டிமீட்டராகச் சுருங்கி, விகிதம் 7ஐத் தாண்டும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியும் குறையும். ஒரே தோற்றமுள்ள தகடு ஓர் இன்ஜினில் மூல அளவிலிருந்து விலகியதன் அடையாளம், மற்றோர் இன்ஜினில் மூல அளவைக் காத்ததன் அடையாளம். இரண்டில் எது என்று அறிய, பிஸ்டனை மேல்முனையில் நிறுத்தி, பிளக் துளை உச்சியில் வருமாறு இன்ஜினைச் சாய்த்து, அளவுகோடிட்ட குழாயால் எண்ணெய் ஊற்றி எரியறையை அளந்தால் போதும். அளக்காமல் அகற்றுபவர், முன் வைத்தியரின் சீட்டைப் படித்துப் பார்க்காமல் கிழித்துப்போடும் வைத்தியருக்கு ஒப்பானவர்.

உலோகத்தில் செய்தது உலோகத்திலேயே தங்கிவிடும் என்பதும் இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. பழைய பிரிட்டிஷ் இன்ஜின்களில் கால் அங்குலத் திருகுகள் பல பிஎஸ்எஃப் என்னும் மரை வகையைச் சேர்ந்தவை. அங்குலத்துக்கு 26 மரை, வெளிவிட்டம் 6.35 மில்லிமீட்டர். கடையில் எளிதாகக் கிடைக்கும் 6 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டின் மரை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அமைவதால், அங்குலத்துக்கு 25.4 என்ற கணக்கில் அது பழைய துளைக்குள் தடையின்றி ஏறிவிடும். ஆனால் விட்டத்தில் 0.35 மில்லிமீட்டர் குறைவாகையால் மரையின் நுனிகளை மட்டுமே அது பிடிக்கும். இறுக்கும்போது அலுமினியம் பிய்ந்துவிடும். பிய்ந்த துளையைப் பெரிதாகத் துளைத்து, பித்தளையிலோ எஃகிலோ ஒரு புஷ் கடைந்து பதித்து, அதனுள் புதிய மரை வெட்டியிருப்பவர் தொழில் தெரிந்தவர். அந்தப் புஷ்ஷைப் பிடுங்கினால் மூலத் துளை மீளாது. அதனினும் பெரிய துளையே எஞ்சும். மூலத்துக்குத் திரும்புதல் என்று சொல்லப்படுவது பல இடங்களில் இரண்டாவது மாற்றமே; முதல் மாற்றத்தைச் செய்தவருக்கு ஒரு தேவையாவது இருந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

இவ்வாறு சொல்வதால் மோசமான வேலைகளே இல்லை என்று ஆகிவிடாது. மூலநிலைவாதம் தன் வலிமையைப் பெறுவதே அவற்றிலிருந்துதான். கேஸ்கட் வாங்க மனமில்லாமல் சிலிக்கான் பசையை அள்ளிப் பூசியதால், உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து எண்ணெய் வழியை அடைத்துப் பழுதான இன்ஜின்கள் உண்டு. எண்ணெய்த் தொட்டி தனியாக அமைந்த நார்ட்டன் போன்ற வண்டிகளில், நிறுத்தி வைக்கும்போது எண்ணெய் கிராங்க் கேஸுக்குள் கசிந்து நிறைவதைத் தடுக்கக் குழாயில் ஒரு திறப்பான் பொருத்தும் வழக்கம் இருக்கிறது. அதைத் திறக்க மறந்து வண்டியைக் கிளப்பினால் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல் இன்ஜின் சுற்றும். தொல்லையைத் தீர்க்க வந்த மாற்றம் தொல்லையைவிடப் பெரிய கேட்டை உள்ளே கொண்டுவந்திருக்கிறது. இத்தகையவை அகற்றப்பட வேண்டியவை என்பதில் விவாதம் இல்லை. ஆனால் அவற்றை அகற்றச் சொல்லும் நியாயம் அவை இன்ஜினுக்குச் செய்யும் தீங்கிலிருந்து பிறக்கிறது. தொழிற்சாலை வைக்காதவை என்பதிலிருந்து பிறக்கவில்லை. திறப்பான் மூடியிருந்தால் தீப்பொறியே எழாதவாறு ஒரு மின்சுவிட்சை அதனுடன் இணைத்திருப்பவரின் வேலையை இணைக்காதவரின் வேலையிலிருந்து பிரித்தறிய, மூல நிலை என்ற அளவுகோல் எள்ளளவும் உதவாது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. மாற்றம் சரியானதன்று, ஆயினும் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை என்னும் வகை. புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினில் பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் 346 சிசி காற்றைக் கிராங்க் கேஸுக்குள் அழுத்துகிறது. அதை வெளியே விட்டு, திரும்ப உள்ளே வராமல் தடுக்கும் ஒருவழி மூச்சுக்குழாய் இன்ஜினில் உண்டு. இதற்கு மேலதிகமாக டேப்பட் மூடியிலோ எண்ணெய் ஊற்றும் மூடியிலோ இன்னொரு குழாய் பொருத்தப்பட்டு, அது சட்டத்தின் ஓரமாகப் பின்னோக்கி ஓடுமானால், உள்ளே அழுத்தம் மிகுந்து எண்ணெய் எல்லா இணைப்புகளின் வழியாகவும் கசிந்த ஒரு காலம் இருந்தது என்று அது சொல்கிறது. தேய்ந்த பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிவாயு கீழே வந்திருக்கலாம், அல்லது மூச்சுக்குழாயின் ரப்பர் தடுப்பு இறுகிப்போயிருக்கலாம். நோயை விட்டுவிட்டு அறிகுறியை மட்டும் அடக்கிய வேலை இது. அக்குழாயைப் பிடுங்கி எறிந்து, மூடிக்குப் புதிய குரோம் பூச்சு பூசுபவர் நோயை அப்படியே வைத்துக்கொண்டு அதைக் காட்டிக்கொடுத்த ஒரே அடையாளத்தையும் அழிக்கிறார். குழாயைப் பார்த்ததும் சிலிண்டரைக் கழற்றி வளைய இடைவெளியை அளப்பவருக்கோ முந்தைய உரிமையாளர் பாதி வேலையைச் செய்து கொடுத்திருக்கிறார்.

நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும் அளவுகோல்கள் இவற்றிலிருந்தே கிடைக்கின்றன. ஒரு மாற்றத்துக்குத் துணையாக மற்ற அளவுகள் இசைந்து மாற்றப்பட்டிருக்கின்றனவா என்பது முதலாவது. இசைந்திருந்தால் அதன் பின்னே சிந்தனை இருந்திருக்கிறது. மாற்றத்துக்குப் பின் இன்ஜின் நெடுநாள் ஓடியதன் சீரான தேய்மானம் தெரிகிறதா, அல்லது புதிய உரசல்களும் வெப்பக் கறைகளும் தெரிகின்றனவா என்பது இரண்டாவது. அம்மாற்றம் எந்த இடர்ப்பாட்டுக்கு எழுந்ததோ அது இன்றும் தொடர்கிறதா என்பது மூன்றாவது. வால்வு இருக்கையின் தேய்மானத்தைத் தடுத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் நாடெங்கும் நிறுத்தப்பட்டதால் கடினமான எஃகில் வால்வு இருக்கை பதித்தவரின் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது, ஆனால் தரமான பெட்ரோல் பரவலாகிவிட்ட இடத்தில் தகடு செருகியவரின் கேள்வி பெரும்பாலும் மடிந்துவிட்டது. இம்மூன்றையும் கேட்டபின் அகற்றுவதும் உண்டு, வைத்துக்கொள்வதும் உண்டு. கேட்காமல் அகற்றுவதற்கு மட்டுமே நியாயம் இல்லை.

மூன்றாவது அனுமானமாகிய வரலாற்று மதிப்பு, மூலநிலைவாதத்தின் கடைசி அரண். பொறியியல் எதுவாயினும், பழைய வண்டி ஒரு வரலாற்று ஆவணம் ஆகையால் அதன் தூய்மை காக்கப்பட வேண்டும் என்பார்கள். உண்மையிலேயே யாரும் பிரிக்காத இன்ஜின் கிடைத்தால் அதைப் பிரிக்காமல் காப்பது அறிவுடைமைதான். தொழிற்சாலையின் அன்றைய வேலைத்தரத்துக்கு அதைவிட நேரடியான சான்று இல்லை. ஆனால் கை படாததைக் காப்பது வேறு, கை பட்டதற்குக் கை படாத வேடம் கட்டுவது வேறு. நாற்பது ஆண்டுகள் உழைத்த இன்ஜினில் நேற்று வார்த்த போலி உதிரிபாகங்களைப் பொருத்தி 1960களின் தோற்றத்தைக் கொண்டுவருபவர் ஓர் ஆவணத்தைத் திருத்தி எழுதுகிறார். கட்டடப் பாதுகாப்புத் துறை இந்தச் சிக்கலை எப்போதோ கடந்துவிட்டது: 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஒரு நினைவுச்சின்னத்தில் எல்லாக் காலத்தவரும் சேர்த்த தகுதியுள்ள பங்களிப்புகளும் மதிக்கப்பட வேண்டும் என்றும், ஒரே பாணிக்குத் திருப்புவது சீரமைப்பின் குறிக்கோள் ஆகாது என்றும் கூறுகிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவாவும், வண்டியின் பயன்பாட்டுக் காலத்திலேயே செய்யப்பட்ட மாற்றங்களைக் கொண்டவற்றுக்குத் தன் வகைப்பாட்டில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறது. டிரையம்ப் இன்ஜினை நார்ட்டன் சட்டத்தில் ஏற்றி, 1950களிலும் 60களிலும் பிரிட்டிஷ் இளைஞர்கள் உருவாக்கிய ‘டிரைட்டன்’ வண்டிகள் இன்று அவற்றுக்குரிய பெயரோடும் மதிப்போடும் சேகரிக்கப்படுகின்றன. அவற்றைப் பிரித்து ஒரு டிரையம்ப்பாகவும் ஒரு நார்ட்டனாகவும் ‘மீட்க’ வேண்டும் என்று இன்று சொல்பவர் நகைப்புக்கு ஆளாவார். அதே நகைப்பு புல்லட்டின் பட்டறை வரலாற்றை அழிப்பவருக்கு மட்டும் ஏன் கிட்டுவதில்லை என்பதற்கு, செய்தவர்கள் பெயரற்ற மெக்கானிக்குகள் என்பதைத் தவிர வேறு காரணம் தென்படவில்லை.

இக்கருத்து சந்தையோடு நிற்காமல் சட்டத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. 2021 ஜூலையில் இந்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, சேஸிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் கணிசமான மாற்றத்துக்கு உள்ளாகாத வண்டியே ‘விண்டேஜ்’ எனப் பதிவு பெறத் தகுதி உடையது; புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வண்டிகளைத் திருட்டிலிருந்தும் மோசடியிலிருந்தும் காக்க அடையாளம் தேவை என்பதால் இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் சட்டம் வலியுறுத்துவது முறையே. ஆனால் இன்ஜினுக்குள் உள்ள ராடையும் புஷ்ஷையும் தகட்டையும் எந்தப் பதிவு அலுவலரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. விளைவாக, மாற்றத்தை நேர்மையாகச் சொல்பவர் தகுதியை இழக்கும் ஆபத்தை ஏற்கிறார், மறைப்பவர் தப்புகிறார். மாற்றங்களை மறைக்கத் தூண்டாமல் பதிவு செய்யத் தூண்டும் விதி ஒன்று இருந்தால், மரபு வாகனங்களைப் பற்றிய அறிவும் வளரும், அடுத்து வாங்குபவரின் பாதுகாப்பும் கூடும்.

பழைய இன்ஜினை வாங்குபவருக்கு இதனால் வேலை கூடுகிறது என்பது மெய். பிரிக்கும்போதே ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, அளவு குறித்து, விளங்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் நேரே அதற்கான காரணமாக இருக்கக்கூடியவற்றை எழுதி, அளந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். அகற்றிய பாகத்தைக் குப்பையில் போடாமல், எங்கிருந்து எடுத்தது, ஏன் எடுத்தது என்ற குறிப்போடு கட்டி வைத்து, வண்டி கை மாறும்போது அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மூலநிலைவாதம் இவ்வுழைப்பிலிருந்து விடுதலை தருவதால்தான் அத்தனை எளிதாகப் பரவியது: உதிரிபாகப் பட்டியல் ஒன்று கையில் இருந்தால் போதும், அதில் இல்லாதது தவறு என்று தீர்ப்பு எழுதிவிடலாம். பட்டியல் அச்சான நாளில் அந்த இன்ஜின் எந்த ஊருக்குப் போகும், எந்தப் பெட்ரோலைக் குடிக்கும் என்பது பட்டியலைத் தொகுத்தவருக்குத் தெரியாது. தகடு செருகியவருக்கு அது தெரிந்திருந்தது. அந்த அறிவைச் சோதித்துத் தள்ளலாம், சோதித்து ஏற்கலாம். சோதிக்காமலே தள்ளுவதற்குச் சீரமைப்பு என்று பெயர் சூட்டும் வழக்கம் முடிவுக்கு வந்தாக வேண்டும்.